ரோந்தில் எங்கே சத்தம் போடணும், எங்கே வாயை மூடணும்?

வனவர்:

பீட்டுக்கு, அதாவது ஒரு காவலர் பொறுப்பில் விடும் காட்டுப் பகுதிக்கு, புதிதாக வருகிறவர்களிடம் "ரோந்து என்றால் சத்தமில்லாமல் நட" என்று சொல்லி அனுப்புகிறோம். அது பாதிதான் சரி. நாம் வருவது யானைக்கும் கரடிக்கும் முன்னாடியே தெரியணும். வேட்டைக்காரனுக்குத் தெரியவே கூடாது. இரண்டும் ஒரே தடத்தில் இருக்கும் என்பதுதான் இந்த வேலையின் கஷ்டம். முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலைப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள், விலங்கோ வேட்டைக்காரனோ எதிர்ப்படும்போது என்ன செய்யணும் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

வேட்டைத் தடுப்புக் காவலர்:

உண்ணிச்செடி மண்டிய இடத்தில் பத்தடிக்கு அப்பால் கண் தெரியாது. அங்கே காதை நம்பித்தான் நடக்கணும். கிளை ஒடிகிற சத்தம் வந்துகொண்டே இருந்தால் யானை நிம்மதியாக மேய்கிறது. அந்தச் சத்தம் சட்டென்று நின்றால் நம்மைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். பலரும் அந்த அமைதியைப் பார்த்து "போய்விட்டது" என்று நினைத்து முன்னால் கால் வைக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: நின்ற இடத்திலிருந்தே பின்வாங்கணும்.

மெல்லிய துணியில் சாம்பலை முடிந்து இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு தட்டினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். நாலைந்து பேராகப் போங்கள். முதல் ஆள் தூரத்தை மட்டும் பார்க்கணும், தரையில் தடம் பார்ப்பது இரண்டாவது ஆளின் வேலை. முதல் ஆளே குனிந்து தடம் பார்த்தால் தடத்துக்குச் சொந்தக்காரன் முன்னால்தான் போய் நிற்பார். முதுகுப் பையை மார்பில் பட்டை போட்டு இறுக்காதீர்கள். துரத்தினால் நொடியில் கழற்றி எறிய வரணும். ஒத்தை ஆண் யானைக்குக் கன்னத்தில் மதநீர் வழிந்தால் அன்றைக்கு அந்தப் பாதையே வேண்டாம். பாதை மாறியதை வாக்கி டாக்கியில் முகாமுக்குச் சொல்லிவிட்டு மாறுங்கள். சொல்லாமல் மாறினால், திரும்பி வராத நாளில் பழைய பாதையிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

கரடி இருக்கும் இடம் புற்று, பாறை இடுக்கு, நாவலும் கொன்றையும் பழுத்த இடம். அங்கே தடியால் பாறையைத் தட்டிக்கொண்டே போகணும். தூங்குகிற கரடியின் பக்கத்தில் திடீரென்று போய் நின்றால் அது ஓடாது, முகத்தைத்தான் பிடிக்கும்.

வனக்காப்பாளர்:

விலங்கைப் பிடிக்க வைத்த கம்பிச் சுருக்கு ஒன்று கண்ணில் பட்டதும் அந்தச் சத்தமெல்லாம் நிற்கணும். பெரும்பாலும் வண்டியின் கிளட்ச் ஒயர், பிரேக் ஒயர்தான். காட்டுப்பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டுகிறது. தண்ணீருக்குப் போகும் தடத்தில், இருபுறமும் தழை வெட்டிப் போட்டு நடுவில் மட்டும் வழி விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். சுருக்கு ஒற்றையாக இருப்பது அபூர்வம், அந்த வரிசை முழுக்கப் பாருங்கள். உடனே பிடுங்காதீர்கள். படம், ஜிபிஎஸ் புள்ளி, பிறகு மறைவில் காத்திருப்பு. வைத்தவன் பெரும்பாலும் விடியற்காலையில் பார்க்க வருவான்.

வனத்தை ஒட்டிய தோட்டங்களில் முழங்கால் உயரத்தில் கட்டுக்கம்பி ஓடினால் கரண்ட் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது நம் வேலை இல்லை. மின்வாரிய ஆளை வரவழைத்து இணைப்பை எடுத்த பிறகே தொடணும், மழைநாளில் அந்தப் பக்கம் நெருங்கவே வேண்டாம். அவுட்டுக்காயும், அதாவது விலங்கு கடிக்க வைக்கும் நாட்டு வெடியும், அப்படித்தான். அது வெடிக்க அழுத்தமோ உராய்வோ போதும். 2020இல் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதறிச் செத்த கர்ப்பிணி யானையை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுக்கக் கூடாது, குச்சியால் புரட்டவும் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு வெடிகுண்டு நிபுணர்களுக்குச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ரேஞ்சர்:

பிடிப்பது வரைக்கும் எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள். வழக்கு தோற்பது அதற்குப் பிறகு.

நாட்டுத் துப்பாக்கி கையில் வந்தால் மருந்து ஏற்றியிருப்பதாகவே கருதுங்கள். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது, முதலில் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) எடுங்கள். பிடிபட்டவர்களைத் தனித்தனியாக உட்கார வையுங்கள். மகஜரை, அதாவது கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவை, அந்த இடத்திலேயே எழுதணும். முகாமில் உட்கார்ந்து எழுதிய மகஜர் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விக்குக் கூடத் தாங்காது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது, போனில் சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி மாதிரியை ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். எத்தனால்தான். இரண்டு குப்பி, இரண்டுக்கும் முத்திரை.

வாக்குமூலம்தான் அதிகம் சொதப்பும் இடம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 50(8)இன்படி சாட்சியம் பதிவு செய்ய அதிகாரம் பெற்ற உதவி வனப்பாதுகாவலர் அல்லது அதற்கு மேற்பட்டவர் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் எடுத்தால்தான் 50(9) அதை ஏற்கும். ரேஞ்சர் ராத்திரியோடு ராத்திரியாக எழுதி வாங்கியது அந்தக் கணக்கில் வராது. அடித்து வாங்கியது வழக்கையும் கெடுக்கும், மனிதரையும் கெடுக்கும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும். பெண்ணாக இருந்தால் சூரியன் மறைந்த பின் கைது கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் பெண் அதிகாரி மூலம், மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்கிச் செய்யணும். தேனும் கிழங்கும் எடுக்க வந்த பழங்குடிக்காரரை வேட்டைக்காரரோடு சேர்த்து உட்கார வைக்காதீர்கள். 2006 வன உரிமைச் சட்டம் அவருக்கு உண்டு. நம் முகாமில் தடம் காட்டுகிற இருளரும் காட்டுநாயக்கரும் அவர் சொந்தக்காரர்கள்.

தகவல் சொல்கிறவர் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். 1991 நவம்பர் 10 அன்று, வீரப்பன் சரணடையப் போவதாக வந்த பேச்சை நம்பிப் போன வன அதிகாரி ஸ்ரீனிவாஸ் கொல்லப்பட்டார். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பணும், வராவிட்டால் யார் தேடி வரணும், இது மூன்றையும் முகாமில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேட்டைத் தடுப்புக் காவலர்:

ரேஞ்சர் ஐயா சொன்னதோடு ஒன்று. ஆளைப் பிடித்துத் திரும்பும்போது இனி ஒளிவுமறைவு தேவையில்லை, பேசிக்கொண்டே, டார்ச் அடித்துக்கொண்டே வாருங்கள். அந்த நேரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள், கண் எல்லாம் பிடிபட்டவர் மேலேயே இருக்கும், யானையை யாரும் பார்க்க மாட்டார்கள். அவரை வரிசையின் நடுவில் நடக்க விடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். கையைப் பின்னால் கட்டாதீர்கள். யானை வந்தால் நாம் ஓடி மரத்துக்குப் பின்னால் நிற்போம், கட்டப்பட்டவரால் முடியாது. அந்த நேரத்தில் அவர் உயிருக்கு நாம்தான் பொறுப்பு.