டான் பாவ் வாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஹனோயில் இருக்கும் நண்பர்கள் யாராவது டான் பாவ் என்ற வியட்நாமியத் தந்திக்கருவியை வாசிக்கிறீர்களா? ஒற்றைத் தந்திதான். ஆனால் குச்சியால் மீட்டும்போதே உள்ளங்கை விளிம்பால் தந்தியின் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகிய இடங்களை லேசாகத் தொட்டு மேற்சுரம் எழுப்ப வேண்டும். இடக்கையோ, சுரைக்குடுவையோடு நிற்கும் வளையும் தண்டை அசைத்து அந்தச் சுரத்தை ஏற்றி இறக்கும். கமகத்தில் ஊறிய காதுக்கு இந்தக் கருவியைக் கைவிட மனமில்லை!

கடைக்காரர்கள் மின்வகையையே தள்ளிவிடப் பார்க்கிறார்கள். எனக்குச் சன்னமாக ஒலிக்கும் பழைய மூங்கில் வகை போதும். பக்கத்து வீட்டாருக்கும் நிம்மதி. அதைச் செய்து தருபவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எஃகுத் தந்தி அறுந்தால் கிட்டார் தந்தி போடலாமா? தண்டுக்கு எருமைக்கொம்பு நல்லதா, மூங்கிலா? விமானத்தில் கொண்டுபோனவர்கள் தண்டைக் கழற்றித்தான் எடுத்துச் சென்றீர்களா?