அமெரிக்காவில் ஓவர்டோஸ் சாவு குறைந்தது எதனால்: நாலக்சோனா, தெருச் சரக்கா?

மருந்துப்பெட்டி:
அமெரிக்காவில் போதைமருந்து ஓவர்டோஸில் இறந்தவர்கள் 2022-ல் 1,07,941 பேர், 2023-ல் 1,05,007 பேர், 2024-ல் சுமார் 80,000 பேர். 2018-ல் சற்றே தணிந்ததைத் தவிர, இருபது வருஷத்துக்கு மேலாக ஏறிக்கொண்டே வந்த கோடு ஒரே வருஷத்தில் ஏறக்குறைய கால்பங்கு இறங்கியிருக்கிறது. இதற்கு முதல் காரணம் நாலக்சோன் (ஓபியாய்டு என்ற அபின் வகை மருந்தால் அடங்கிய மூச்சை மீட்கும் மருந்து), அடுத்தது சிகிச்சை என்பது என் கட்சி.

4 மி.கி. மூக்கு ஸ்ப்ரேக்கு 2015 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2023 மார்ச்சில் மருந்துச்சீட்டே தேவையில்லை என்றார்கள். செப்டம்பரில் கடைக்கு வந்துவிட்டது. ஓபியாய்டுப் பழக்கத்துக்குச் சிகிச்சை மருந்தான புப்ரெனார்ஃபினை எழுத டாக்டர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்த எக்ஸ்-வெய்வர் விதி 2022 டிசம்பர் கடைசியில் ஒழிந்தது. 2024-ல் இன்னொரு சிகிச்சை மருந்தான மெத்தடோனின் விதியும் தளர்ந்தது: சிகிச்சையின் முதல் 14 நாளில் 7 நாள் மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், 15-ம் நாளிலிருந்து 14 நாள் மருந்து, 31-ம் நாளிலிருந்து 28 நாள் மருந்து. இத்தனை கதவு திறந்த பிறகு சாவு குறைந்திருக்கிறது. வேறு காரணம் சொல்பவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நாலக்சோன் உயிர் காக்கும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. "அதனால்தான் குறைந்தது" என்பதில்தான் மறுப்பு.

முதலில் தேதியைப் பாருங்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மாதாமாதம் வெளியிடுவது அந்த மாதத்துச் சாவு மட்டும் அல்ல, கடந்த 12 மாதக் கூட்டுத்தொகை. 2024 ஏப்ரல் என்று போட்ட எண்ணுக்குள் 2023 மே மாதத்துச் சாவும் இருக்கிறது. அதனால் கூட்டுத்தொகை சரிவது கண்ணுக்குத் தெரிவதற்குப் பல மாதம் முன்பே மாதக்கணக்கு திரும்பியிருக்கும். திரும்பியது 2023 நடுவில். நீங்கள் சொன்ன ஸ்ப்ரே கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. மெத்தடோன் விதி அதற்கும் பிறகு. பின்னால் வந்தது எப்படி முன்னால் நடந்ததற்குக் காரணமாகும்?

அடுத்து, கனடா. 2024-ல் அங்கே ஓபியாய்டு சாவு 7,146. முந்தைய வருஷத்தைவிட 17 சதவீதம் குறைவு. அங்கே நாலக்சோனுக்கு 2016-லேயே மருந்துச்சீட்டு தேவையில்லை என்று ஆகிவிட்டது. 2023-ல் புதிதாகத் திறந்த கதவு எதுவும் இல்லாத நாட்டிலும் அதே சமயத்தில் இறங்கியிருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் பொதுவானது தெருவில் விற்கிற சரக்குதான். அமெரிக்கப் போதைத்தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.வின் ஆய்வகம் சோதித்த போலி மாத்திரைகளில் 2 மி.கி. அல்லது அதற்குமேல் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு இருந்தவை 2023-ல் பத்துக்கு ஏழு, 2024-ல் பத்துக்கு ஐந்து. பவுடரின் சராசரித் தூய்மை 19.5 சதவீதத்திலிருந்து 11.36-க்கு இறங்கியது. பென்சில் முனையில் நிற்கிற அளவுதான் 2 மி.கி.; பழக்கமில்லாத உடம்பில் மூச்சை நிறுத்த அது போதும். அந்த விளிம்பில் இருக்கிற மருந்து கொஞ்சம் நீர்த்தாலே ஆயிரக்கணக்கில் உயிர் மிஞ்சும்.

மருந்துப்பெட்டி:
கடை விற்பனையை முன்னால் வைத்தது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலக்சோன் பெரும்பாலும் கைமாறுவது கடையில் இல்லை. ஊசி மாற்றித் தரும் மையங்கள், சுகாதாரத் துறை, சிறைவாசல், தீயணைப்பு வண்டி வழியாகப் பல வருஷமாகவே இலவசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் கட்டிய இழப்பீட்டுப் பணமும் இதற்குள் வந்தது.

சரக்குதான் காரணம் என்றால் எனக்கு ஒரு கேள்வி. மேற்கு வர்ஜீனியா, ஓஹையோ, மிச்சிகன், வர்ஜீனியா, லூசியானா எல்லாம் 2024-ல் 35 சதவீதத்துக்கு மேல் இறங்கின. நெவாடாவும் தெற்கு டகோட்டாவும் மட்டும் சற்றே ஏறின. எல்லாருக்கும் சரக்கு வருவது மெக்சிகோ வழியாகத்தானே? ஒரே ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் ஒரு வீட்டில் நீர்த்தும் இன்னொரு வீட்டில் கெட்டியாகவும் இருக்குமா?

கணக்குப்பிள்ளை:
இருக்கும். ஃபென்டனில் கிழக்கே ஹெராயின் பவுடரோடு கலந்து 2013 வாக்கில் பரவியது. மேற்கே அப்போது புழங்கியது கருப்புத் தார் ஹெராயின்; பிசுபிசுப்பான அதில் வெள்ளைப் பவுடரைக் கலப்பது சுலபமில்லை. அதனால் மேற்கே அலை தாமதமாக, பெரிதும் நீல நிறப் போலி எம்-30 (ஆக்ஸிகோடோன் வலிமாத்திரையைப் போலச் செய்தது) மாத்திரையாக வந்தது. கிழக்கு முதலில் ஏறி முதலில் இறங்கியது. மேற்கு பின்னால் வருகிறது. சொல்லவே கஷ்டமான இன்னொரு காரணமும் உண்டு: கிழக்கே ஆபத்தின் உச்சியில் இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே செத்துவிட்டார்கள். எரிய விறகு குறைந்தால் தீயும் தணியும். அதை யாருடைய சாதனையாகவும் எழுதக்கூடாது.

தென்றல்:
இருவருக்கும் வணக்கம். இரண்டு இடத்தில் குறுக்கிடுகிறேன்.

ஒன்று, நாலக்சோனை "அடித்தால் எழுந்துவிடுவார்" என்று நினைப்பது. பிலடெல்ஃபியாவில் ஃபென்டனிலோடு முதலில் சைலசின் வந்தது, 2024-லிருந்து மெடெடோமிடின் வருகிறது. இரண்டும் கால்நடை மருத்துவத்து மயக்கமருந்துகள், ஓபியாய்டு அல்ல. நாலக்சோன் ஃபென்டனிலை விலக்கும், மூச்சு திரும்பும், ஆனால் ஆள் கண் திறக்கமாட்டார். பக்கத்தில் இருப்பவர் பயந்துபோய் மூன்றாவது, நான்காவது டோஸ் என்று ஏற்றுகிறார். மூச்சு வந்தால் போதும், முழிப்பு வரவேண்டும் என்பதில்லை.

முறை இதுதான்: உரக்கக் கூப்பிட்டு, நெஞ்செலும்பின் மேல் விரல்முட்டியால் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லை என்றால் அவசர எண் 911-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஸ்ப்ரே முனையை மூக்குத்துவாரத்தில் விரல் மூக்கைத் தொடும்வரை நுழைத்து ஒரே அழுத்து. வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பீச்சிப் பார்க்கக்கூடாது. உள்ளே இருப்பது ஒரே டோஸ், அது போய்விடும். பிறகு 5 விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். 2 அல்லது 3 நிமிஷத்தில் தானாக மூச்சு வராவிட்டால் மறு துவாரத்தில் அடுத்தது. வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து அங்கேயே இருங்கள். நாலக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிஷம்தான். ஃபென்டனில் அதைத் தாண்டியும் உடம்பில் நிற்கலாம், மூச்சு மறுபடி அடங்கலாம். 8 மி.கி. ஸ்ப்ரேயை நியூயார்க் மாநிலப் போலீஸ் கொடுத்துப் பார்த்தது: பிழைத்தவர்கள் 99.0 சதவீதம், 4 மி.கி.யில் 99.2. ஓபியாய்டு சட்டென்று விலகுவதால் வரும், வாந்தி உள்ளிட்ட விடுபடு அறிகுறி மட்டும் 19.4-லிருந்து 37.6 சதவீதமாக ஏறியது.

இரண்டு, கணக்குப்பிள்ளை சாருக்கு. சரக்கு நீர்த்ததால் சாவு குறைந்தது என்பதிலிருந்து "சரக்கை நெருக்கினால் சாவு குறையும்" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். 2010 ஆகஸ்டில், போதைக்காக நசுக்கி எடுப்பதைத் தடுக்க, ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலிமருந்தை நசுக்க முடியாத மாத்திரையாக மாற்றினார்கள். ஹெராயின் சாவு அந்த வருஷம் 3,036, 2017-ல் 15,482. டாக்டர்கள் எழுதிய ஓபியாய்டுச் சீட்டு 2012-ல் 25.5 கோடி, 2020-ல் 14.2 கோடி. அதே காலத்தில் ஃபென்டனில் வகைச் சாவு 2013-ல் 3,105, 2017-ல் 28,466, 2022-ல் 73,838. சீட்டு பாதியாகும்போது சாவு பல மடங்கு பெருகியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அந்த வரிசையை நானும் ஏற்கிறேன், தென்றல் மேடம். ஆனால் 90-களில் கண்மண் தெரியாமல் எழுதித் தள்ளியதுதான் அத்தனை பேரைப் பழக்கியது. குழாயைத் திறந்துவிட்டதும் குற்றம்தானே? 2016-ல் சி.டி.சி. ஒரு வரம்பு வைத்தது சரிதான்.

தென்றல்:
திறந்துவிட்டது குற்றம். சிகிச்சை என்ற வாளியை வைக்காமல் மூடியது இரண்டாவது குற்றம். 2016 வழிகாட்டி சொன்னது, ஒரு நாளைக்கு 90 மி.கி. மார்ஃபினுக்குச் சமமான அளவுக்குப் போவதைத் தவிருங்கள், போனால் காரணம் எழுதுங்கள் என்று. ஆக்ஸிகோடோனை (ஆக்ஸிகான்டினில் இருக்கும் மருந்து) 1.5-ஆல் பெருக்க வேண்டும் என்பதால் 60 மி.கி. எடுப்பவரே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார். இன்ஷூரன்ஸும் மருந்துக்கடைகளும் அதைச் சட்டம்போல் பிடித்துக்கொண்டன. பத்து வருஷமாக மருந்தில் இருந்தவரைப் பட்டென்று நிறுத்தினால் வலி, தற்கொலை எண்ணம், தெரு மாத்திரை என்றுதான் போகும். 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இதை எச்சரித்தது, 2022-ல் சி.டி.சி. அந்த எண்ணையே பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: நம் ஊர்ப் பிரச்சினை இதற்கு நேர் எதிர். 1985-ன் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு புற்றுநோயாளிக்கே மார்ஃபின் கிடைக்காமல் போனது, 2014 திருத்தம் வரை. அமெரிக்காவைக் காட்டி இங்கே வலிநிவாரணச் சிகிச்சையை இறுக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி. சிகிச்சை வாளி என்றீர்கள், அதையே மருந்துப்பெட்டி ஐயாவிடம் கேட்கிறேன். எக்ஸ்-வெய்வர் போன பிறகு புப்ரெனார்ஃபின் எழுதும் டாக்டர்கள் கூடினார்கள். வாங்கும் நோயாளிகள் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் நிற்கிறார்கள். பிறகு எப்படி அது சாவைக் குறைத்திருக்கும்?

மருந்துப்பெட்டி:
நியாயமான கேள்வி. அந்த விதி ஒழிந்ததற்கு நான் தந்த பங்கு அதிகம், குறைத்துக்கொள்கிறேன். மருந்து சரியானதுதான். பிரான்சு 1995 வாக்கில் குடும்ப டாக்டர்களை எழுத விட்டது. 1999-க்குள் ஓவர்டோஸ் சாவு 79 சதவீதம் குறைந்தது. ஆனால் அது ஹெராயின் காலம். ஃபென்டனில் கொழுப்பில் தங்கும், மெதுவாகத்தான் வெளியேறும். கடைசியாகப் போதை எடுத்த பிறகு ஹெராயினுக்குச் சொன்ன 12 மணி நேரக் காத்திருப்பை நம்பி 8 மி.கி. புப்ரெனார்ஃபின் போட்டால், மிச்சமிருக்கும் ஃபென்டனிலை அது ஒரே மூச்சில் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அரைமணி நேரத்தில் வாந்தி, வியர்வை, உடம்பு முறுக்கல். ஒருமுறை பட்டவர் மறுபடி அந்த மருந்தைத் தொடமாட்டார், பக்கத்தில் இருப்பவரையும் தொடவிடமாட்டார். அதற்குத்தான் 0.5 மி.கி. போலத் துளியில் தொடங்கிச் சில நாளில் ஏற்றுகிற முறை வந்தது. பல கிளினிக்குகளில் இன்னும் அது தெரியாது.

இப்போது மெடெடோமிடின் வேறு. அதை நிறுத்தினால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறி, நடுக்கத்தோடு ஐ.சி.யூ. வரை போகிறது. ஓபியாய்டு விடுபடல் என்று நினைத்து புப்ரெனார்ஃபின் மட்டும் கொடுத்தால் அடங்காது. இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் குளோனிடின், முற்றினால் மெடெடோமிடின் வகையைச் சேர்ந்த டெக்ஸ்மெடெடோமிடின் டிரிப் தேவைப்படும்.

கணக்குப்பிள்ளை:
இது எனக்குப் புதிய தகவல், நன்றி. ஆனால் இதுவும் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது: சரக்கு மாறினால் எல்லாம் மாறுகிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஓவர்டோஸ் சாவு நாடு முழுக்கச் சராசரியாக 2023-ல் லட்சம் பேருக்கு 31.3, அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் அதே வருஷம் 65.0. "இறங்கிவிட்டது" என்று இருவரும் பேசுகிற கோட்டில் அவர்கள் சுமை தெரிவதில்லை.

மருந்துப்பெட்டி:
உண்மை. சிறையிலிருந்து வருகிறவர்களின் சுமையும் தெரிவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் எடுத்த கணக்கில், விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் சாகும் ஆபத்து மற்றவர்களைப்போல் 129 மடங்கு. உள்ளே இருந்த மாதங்களில் உடம்பின் பழக்கம் இறங்கிவிடும், வெளியே வந்ததும் பழைய அளவையே எடுப்பார்கள். சரக்கு கெட்டியோ நீர்த்ததோ, அந்த ஆளுக்கு வாசலிலேயே இரண்டு ஸ்ப்ரேயும் ஏற்கெனவே தொடங்கிய புப்ரெனார்ஃபினும் கையில் இருக்கவேண்டும். உள்ளே இருக்கும்போது தொடங்கினால் ஃபென்டனில் மிச்சம் இருக்காது, முன்சொன்ன வாந்தியும் முறுக்கலும் வராது.