உணவு வண்டிகள் நிலைத்து நிற்குமா?

அடுப்படி:

பழைய மாமல்லபுரம் சாலையில் 2017 முதல் 2019 இறுதிவரை உணவு வண்டி ஒன்றை நடத்தியவன் என்ற முறையில் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். பழைய சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, கரூரில் பாடி கட்டி, தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி, புகையை வெளியேற்றும் விசிறி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபோது 9 இலட்சம் ரூபாய் செலவாகியிருந்தது. கடைக்கு முன்பணமும் வாடகையும் கொடுக்க வேண்டாம், கூட்டம் இருக்கும் இடத்துக்கு நாமே போய்விடலாம் என்ற இரண்டு எண்ணங்களை நம்பித்தான் இறங்கினேன். இரண்டும் பொய்த்தன. உணவு வண்டி மோகம் நீடிக்காது என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

வண்டிக்குள் இருக்கும் இடம் சூடாக்கிக் கொடுப்பதற்கு மட்டுமே போதும். மாவு அரைக்க, காய் நறுக்க, கோழியைக் கழுவி மசாலா தடவி வைக்க, இரவு பாத்திரம் தேய்க்க வேறோர் இடம் வேண்டும் என்பதால் துரைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்தேன். அதனுடன் வண்டிக் கடனின் மாதத் தவணை, காப்பீடு, எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்று, 19 கிலோ வணிக சிலிண்டர், ஜெனரேட்டருக்கு எரிபொருள் என்று கூட்டிப் பார்த்தால், அதே பகுதியில் சந்துக்குள் ஒரு சிறு கடையை எடுக்கும் தொகை வந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துவிட்டால் வருமானம் நின்றுவிடும், தவணை நிற்காது.

இடம் மாறுவது பற்றி ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் அன்று மாலை ஒரு கான்கிரீட் கலவை லாரி நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளி, அதே சாலையில் அதே பக்கத்தில் நிறுத்தினோம். அன்று இரவு பாதி மாவு அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் வழக்கமாக வரும் இளைஞர் ஒருவர், "நேற்று உங்களுக்கு விடுமுறை என்று நினைத்தேன்" என்றார். எங்களுக்கு நேரெதிரே, மரத்தடியில் ஓர் அம்மா பல ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். அவருடைய வண்டியிலும் சக்கரம் உண்டு, ஆனால் அவர் ஒருநாளும் இடம் மாறியதில்லை. கையேந்தி பவன்கள் பிழைத்திருப்பது அந்த மாறாமையால்தான்.

கடலோரக் கணக்கர்:

அடுப்படி அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு வண்டியின் கணக்கைக் கொண்டு ஒரு தொழிலின் ஆயுளை முடிவு செய்ய இயலாது. நான் லாஸ் ஏஞ்சலிஸில் 14 ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே 2008 நவம்பரில் 'கோகி' என்ற வண்டி, கொரிய முறையில் சுட்ட மாட்டு விலா இறைச்சியை மெக்சிகோவின் மடித்த ரொட்டியான டாக்கோவில் வைத்து, இன்று எங்கே நிற்கிறோம் என்பதை ட்விட்டரில் அறிவித்து விற்கத் தொடங்கியது. ராய் சோய் என்ற சமையல் கலைஞரின் பெயர் அதன்மூலம் நாடெங்கும் பரவியது. பொருளாதார வீழ்ச்சியால் உணவகங்கள் தள்ளாடிய காலம் அது. புதிய மோகம் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பின் வந்த அலையைத்தான்.

அந்த அலைக்கு வெகு காலம் முன்பே வண்டிகள் இருந்தன. 1872 இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், உணவகங்கள் மூடிய பின் பசியோடு இருந்த செய்தித்தாள் அலுவலகத் தொழிலாளர்களுக்குக் குதிரை வண்டியில் இரவு உணவு விற்றார். லாஸ் ஏஞ்சலிஸில் 1974 இல் பழைய ஐஸ்கிரீம் வண்டி ஒன்றை மாற்றியமைத்து டாக்கோ விற்கத் தொடங்கியவர்தான் பின்னர் 'கிங் டாக்கோ' உணவகங்களை நிறுவினார். கட்டுமானத் தொழிலாளர்களைத் தேடிச் செல்லும் மெக்சிகோ வண்டிகளை இங்கே 'லோஞ்சேரா' என்பார்கள். அவற்றுக்கு எந்த மோகமும் தேவைப்படவில்லை. என் வீட்டருகே டயர் கடையின் முற்றத்தில் இரவு நேரத்தில் ஒரு வண்டி நிற்கிறது. செங்குத்தான கம்பியில் பன்றி இறைச்சி சுழன்று வேகும். அதன் உச்சியில் ஓர் அன்னாசிப் பழம் செருகியிருக்கும். கடைக்காரர் கத்தியால் இறைச்சியைச் சீவி, அதே வீச்சில் அன்னாசித் துண்டு ஒன்றையும் அறுத்து டாக்கோவில் விழச் செய்வார். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வேலை உடையிலேயே வந்திருப்பார்கள். கையில் பெரிய முதல் இல்லாதவருக்கு உணவுத் தொழிலில் திறந்திருக்கும் வாசல் இதுதான், அந்த வாசலுக்கான தேவை ஒருபோதும் தீராது.

அடுப்படி:

நீங்கள் தந்த இரண்டு சான்றுகளும் என் பக்கமே பேசுகின்றன என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வால்டர் ஸ்காட் தொடங்கி வைத்த அந்த இரவு வண்டிகள் பிறகு என்னவாயின? சாலையோரம் நிரந்தரமாக நின்று, சக்கரங்களை இழந்து, அமெரிக்கர்கள் 'டைனர்' என்று அழைக்கும் உணவகங்களாக மாறின. 'கிங் டாக்கோ' நிறுவனர் வண்டி தொடங்கிய சில மாதங்களிலேயே கடை திறந்துவிட்டார். வெற்றி பெற்றவர் முதலில் செய்வது வண்டியை விட்டு இறங்குவது என்றால், அதை நிலைத்த தொழில் என்று எப்படிச் சொல்வது?

வடமராட்சியான்:

வணக்கம். இருவரும் சாப்பிட வருபவர் வண்டியைத் தேடி வருவதாகவே எழுதுகிறீர்கள். வண்டி சாப்பிடுபவரைத் தேடிப் போகும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. யாழ்ப்பாணத்தில் காலையும் மாலையும் வெதுப்பகங்களின் (பேக்கரிகளின்) ஓட்டோக்கள் ஒழுங்கைகளுக்குள் (சந்துகளுக்குள்) வரும். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. உள்ளே இறாத்தல் பாண் (பிரெட்), சீனிப் பணிஸ், மீன் பணிஸ். ஓட்டோவில் ஒலிக்கும் மெட்டு பீத்தோவனின் பியானோ இசை என்பது கேட்கும் பலருக்குத் தெரியாது. எங்களுக்கு அது பாண்காரரின் பாட்டு. அது தொலைவில் கேட்டதும் அம்மா பர்ஸை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போய்விடுவார். தெற்கில் சிங்கள மக்கள் இதைச் 'சூன் பான்' என்பார்கள்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது முச்சக்கர வண்டிகளுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த மெட்டு பல வாரங்கள் கேட்கவில்லை. கோதுமை மாவின் விலையும் ஏறியிருந்தது. இனி வரமாட்டார்கள் என்றே நினைத்தோம். நிலைமை சற்றுத் தேறியதும் அதே மனிதர் அதே நேரத்துக்கு வந்தார். அவர் வராத நாட்களில் முழங்கால் வலியுடன் சந்திவரை நடந்து பாண் வாங்கிய என் அம்மா போன்றவர்கள் இருக்கும்வரை அவருக்குத் தொழில் இருக்கும். அடுப்படி அவர்கள் 400 மீட்டர் நகர்ந்ததால் ஆட்களை இழந்தார் என்றால், அவர் நகர்ந்தது ஆட்களை நோக்கி அல்ல என்பதே காரணம் என எனக்குத் தோன்றுகிறது.

சட்டப்பலகை:

வழக்கறிஞராக இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வண்டி நீடிப்பதும் மறைவதும் சுவையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. சிகாகோவில் உணவு வண்டிகள் உணவகங்களின் வாசலிலிருந்து 200 அடிக்குள் நிற்கக் கூடாது. எங்கே நிற்கின்றன என்பதைக் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் வண்டியில் இருக்க வேண்டும். இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2019 இல் நகராட்சியின் பக்கமே தீர்ப்பளித்தது. உணவகங்கள் நெருங்கி இருக்கும் நகர மையத்தில் 200 அடியை விலக்கிவிட்டால் மிஞ்சும் இடம் மிகக் குறைவு.

இந்தியாவில் 2014 ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் நமக்குப் பாதுகாப்பு தருவது உண்மைதான். சாலையோர விற்பனையை நெறிப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். பகுதியின் மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு என்ற வரம்புக்கு உட்பட்டு, கணக்கெடுப்பில் இனங்காணப்பட்ட வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும். ஆனால் விற்பனைச் சான்றிதழ் பெறுபவர் எழுதித் தர வேண்டிய உறுதிமொழியைப் பலர் படிப்பதே இல்லை. தொழிலைத் தாமோ தம் குடும்பத்தாரோ மட்டுமே நடத்த வேண்டும். வேறு பிழைப்பு வழி இருக்கக் கூடாது. சான்றிதழைப் பிறருக்கு மாற்றவோ வாடகைக்கு விடவோ கூடாது. பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து மாலையில் வண்டி நடத்துபவரை இந்தச் சட்டம் காப்பதில்லை. நகரங்களில் பளபளப்பாக வந்த உணவு வண்டிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. காவலர் தட்டிக் கேட்கும்போது அவர்கள் நீட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. மரத்தடியில் இட்லி விற்கும் அம்மாவிடம் அந்தத் தாள் இருக்கக்கூடும், இல்லாவிட்டால் கேட்டுப் பெறும் உரிமையாவது இருக்கிறது. வண்டியின் மூலச் சட்டகத்தை மாற்றியமைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும் என்பதையும் பலர் வண்டி பிடிபட்ட பிறகே அறிகிறார்கள்.

கடலோரக் கணக்கர்:

சட்டப்பலகை அவர்கள் சொன்ன தடைகளையே நான் வேறு விதமாகப் படிக்கிறேன். நியூயார்க்கில் 1983 முதல் உணவு விற்பனை அனுமதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3000 என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதன் விளைவாக, சில நூறு டாலர் கட்டணம் கொண்ட அனுமதியைக் கள்ளச் சந்தையில் இரண்டாண்டுகளுக்கு 20,000 டாலருக்கு மேல் கொடுத்து வாடகைக்கு எடுத்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த எளியவர்கள். 2021 இல் நிறைவேறிய சட்டம், பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 445 புதிய உரிமங்களுக்கு வழி செய்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கதவை மூடி வைத்தும் அதன் முன் வரிசை கலையவில்லை. மோகமாக இருந்திருந்தால் நாற்பது ஆண்டுகள் எவரும் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

அடுப்படி அவர்களின் கேள்விக்கும் வருகிறேன். ஒருவர் வண்டியை விட்டுக் கடைக்குப் போகிறார். அந்த வண்டியை இன்னொருவர் வாங்கித் தொடங்குகிறார். தொடக்கப் பள்ளியை எல்லாக் குழந்தைகளும் விட்டுச் செல்கிறார்கள் என்பதால் பள்ளி நிலைக்கவில்லை என்று சொல்வோமா?

இரவுப்பணி:

பெருங்குடியில் ஓர் அழைப்பு மையத்தில் வேலை செய்கிறேன். எனக்கு இரவு 2 மணிக்கு உணவு இடைவேளை. அந்நேரம் திறந்த கடை கிடையாது, செயலியில் கேட்டால் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிறது. வாசலில் நிற்கும் கொத்துப் பரோட்டா வண்டியைத்தான் நானும் உடன் வேலை செய்பவர்களும் நம்பியிருக்கிறோம். அந்த வண்டி மோகமா இல்லையா என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

அடுப்படி:

பள்ளி உவமையை ஏற்கிறேன், அதற்குள் எனக்கு ஒரு மறுப்பு இருந்தாலும். தொடக்கப் பள்ளிக்கு நிலம் வேண்டும். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி ஆண்டுக்கணக்காக நின்று புகழ்பெற்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட உணவு வண்டிகள், அங்கே ஆடம்பர ஓட்டல் கோபுரம் கட்டுவதற்காக 2019 இல் அகற்றப்பட்டன. நிலம் பிறருடையது என்பதால் எத்தனை ஆண்டுகள் நின்றாலும் ஒரு கடிதத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சக்கரம் இருக்கிறதே, வேறிடம் போகலாமே என்பவர்கள், என் 400 மீட்டரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் வடமராட்சியான் எழுதியதைப் படித்த பிறகு என் தலைப்பையே சற்றுத் திருத்த வேண்டும் என்று எண்ணுகிறேன். நான் நடத்திய வண்டியில் 22 வகை உணவு இருந்தது. பெயர்ப் பலகைக்கு விளக்கலங்காரம் செய்திருந்தேன். மாதம் ஒருமுறை புதிய பதார்த்தம் அறிமுகம் செய்தேன். மக்கள் படம் எடுக்க வந்தார்கள், மறுபடி வரவில்லை. இரவுப்பணி அவர்களின் பரோட்டா வண்டியில் மூன்று பொருள்கூட இருக்காது என்று நினைக்கிறேன். நீடிக்காது என்று நான் சொல்வது என்னுடையதைப் போன்ற வண்டியை. அதில் என் கருத்து மாறவில்லை.

இரவுப்பணி:

பரோட்டா, கொத்து, ஆம்லெட். மூன்றுதான்.

புதுவண்டி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோவை சரவணம்பட்டியில் ஏற்கெனவே ஓடிய உணவு வண்டி ஒன்று 4 இலட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருகிறது. மனைவியும் நானும் சேர்ந்து நடத்துவதாகத் திட்டம். வேறு வருமானம் எங்களுக்கு இல்லை. வாங்கலாமா?

சட்டப்பலகை:

நீங்கள் இருவரும் நேரடியாக நடத்துவதாலும் வேறு பிழைப்பு இல்லாததாலும் உறுதிமொழியில் சிக்கல் இராது. மாநகராட்சியில் அடுத்த கணக்கெடுப்பு எப்போது என்று விசாரித்து, அதில் உங்கள் பெயர் பதிவாவதை உறுதி செய்யுங்கள். சாலையோர வியாபாரிகளுக்காக 2020 இல் தொடங்கிய மத்திய அரசின் கடன் திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாயே கொடுத்தார்கள் என்பதால், வண்டியின் விலைக்கு அந்த வகைக் கடனை நம்பாதீர்கள்.

கடலோரக் கணக்கர்:

பழைய வண்டி என்பது நல்ல தொடக்கம். தொழில் கைகூடாவிட்டாலும் விலையில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். விற்பவர் ஏன் விற்கிறார் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுப்படி:

வண்டியை வாங்கும் முன் அதே இடத்தில் ஒரு மேசை, ஓர் அடுப்பு மட்டும் வைத்து இரண்டு மாதம் நின்று பாருங்கள். எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், வந்தவர் மீண்டும் வருகிறாரா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது கழிவுநீர்த் தொட்டி எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். என் வண்டியில் அது பின்சக்கரத்துக்கு மேலே இருந்ததால் நிறைந்த நாட்களில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. எரிவாயுக் குழாயின் இணைப்புகளையும், சிலிண்டர் அறைக்குக் காற்றோட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். படங்களை இங்கே பதிவிட்டால் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.