1996 டாடா மொபைல் 206: ஏசி கேஸ் ஒன்பது நாள்ல காலி, கம்ப்ரசர் போச்சா?

பாலாறு_206:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1996 டாடா மொபைல் 206 பிக்கப், டிஎன் 23 பதிவு. முதல் ஓனர் ராணிப்பேட்டையில தோல் வியாபாரம் பண்ணவர். டேஷ்போர்டுக்குக் கீழ தொங்குற மாதிரி ஏசி போட்டது அவர்தான். 2003ல எங்க நைனா வாங்கினார். அதுக்கப்புறம் அந்த வண்டி பார்த்ததெல்லாம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் மூட்டையும் நேதாஜி மார்க்கெட்டும்தான். ஏசி போட்டா டீசல் குடிக்கும்னு நைனா அந்த சுவிட்சைத் தொட்டதே இல்லை. அந்த யூனிட் மேல வெத்தலைப் பொட்டலம் வச்சிக்குவார், அவ்வளவுதான் அதோட உபயோகம்.

போன வருஷம் வண்டியைப் பழையபடி எழுப்பணும்னு இறங்கினேன். ஃப்ளோர் தகடு மொத்தமா அரிச்சுப் போயிருந்துச்சு, டிங்கரிங் முடிஞ்சுது. இன்ஜின் இறக்கி போர் பண்ணி பிஸ்டன் மாத்தியாச்சு. பம்பும் நாசிலும் சர்வீஸ் ஆச்சு. பெயின்ட் அதே பழைய வெள்ளை. நடுவுல ஷெட்டுல ஆள் கிடைக்காம எட்டு மாசம் வண்டி அப்படியே நின்னுச்சு, அது தனி அழுகை. ஏசி பைப்பெல்லாம் கழட்டி சாக்குல கட்டி வச்சிருந்தாங்க. நல்லவேளை ஒண்ணும் தொலையலை.

எல்லாம் மாட்டின பிறகு பைபாஸ் பக்கம் ஒரு கடையில கேஸ் ஃபில்லிங்குக்கு விட்டேன். அடாப்டர் போட்டு ஆர்-134ஏங்கிற ஏசி கேஸ் அடிச்சாங்க, 1800 ரூபாய். ஜில்லுனு இருந்துச்சு. ஒன்பதாவது நாள் வெறும் காத்து. திரும்பப் போனேன், இன்னொரு 1800. இந்தத் தடவை நாலே நாள். மூணாவது தடவை போனா, "கம்ப்ரசர் போச்சு சார், 14,000 ஆகும்"னு சொல்றாங்க.

கம்ப்ரசர் சாண்டன் 508. யூனிட் பக்கவாட்டு ஸ்டிக்கர்ல "ஆர்-12, 0.8 கிலோ"னு மங்கலா தெரியுது, ஆர்-12ன்னா அந்தக் காலத்து ஏசி கேஸ். முன்னாடி கண்டென்சர் (கேஸோட சூட்டை வெளிய விடுற காயில்) அடியில கொஞ்சம் பிசுபிசுன்னு மண் ஒட்டியிருக்கு, அது ரோட்டு அழுக்குனு நினைக்கிறேன். நிஜமாவே கம்ப்ரசர் போச்சா? ஆர்-12 தேடணுமா, 134ஏவே போதுமா? எத்தனை கிராம்? கத்திரி வெயில் தொடங்குறதுக்குள்ள முடிக்கணும். நைனாவுக்கு இப்ப 71 வயசு, ஒரு தடவையாவது அவரை ஏசி போட்டு உக்கார வைக்கணும்.

காட்பாடி டீசல்:

கத்திரிக்கா வண்டிக்கு ஏசியா! அந்த இன்ஜினுக்கு இருக்கிறதே அறுபது சொச்சம் குதிரை. ஏசியும் போட்டுக்கினு ஏலகிரி 14 வளைவு ஏறினா, பின்னாடி வர்ற பஸ்காரன் இறங்கித் தள்ளணும். விளையாட்டு போகட்டும். 14,000 கொடுக்காதே நண்பா. கேஸ் போற வண்டிக்கு கம்ப்ரசர் மாத்தினா புது கம்ப்ரசரோட கேஸ் போகும். குடியாத்தம் அண்ணா வருவார், அவர் சொல்றதைக் கேளு.

குடியாத்தம் ஏசி:

தம்பி, ரெண்டு தடவை படிச்சேன். உன் கேள்விக்குப் பதில் உன் பதிவுலயே கீது. நீ போற போக்குல சொன்ன ரெண்டு விஷயம்: எட்டு மாசம் பைப்பு திறந்து கிடந்தது, கண்டென்சர் அடியில பிசுபிசு மண்ணு.

முதல்ல அந்த மண்ணு. கேஸ் தனியா வெளிய வராது, கூடவே ஆயிலையும் இழுத்துக்கினு வரும். ஆயில் பட்ட இடத்துல தூசி ஒட்டும். ஏசி பைப்புல எங்க எண்ணெய்ப் பிசுக்கோட மண்ணு ஒட்டியிருக்கோ அங்கதான் ஓட்டை. அதை ரோட்டு அழுக்குனு துடைச்சுத் தொலைக்காதே, முதல்ல போட்டோ எடு.

நான் 93ல பையனா வேலைக்குச் சேர்ந்தேன். அப்ப லீக் பார்க்க ஒரு சின்ன விளக்கு இருக்கும். அதோட ரப்பர் குழாயை ஜாயின்ட் ஜாயின்ட்டா காட்டிக்கினு போவோம். கேஸ் கசிஞ்சா தீ பச்சையா மாறும். ஆர்-12ல குளோரின் இருந்ததால அந்தப் பச்சை. 134ஏல குளோரின் கிடையாது, விளக்கு ஒண்ணும் காட்டாது. இப்ப நைட்ரஜனும் சோப்புத் தண்ணியும்தான். 150 பிஎஸ்ஐ பிரஷர்ல நைட்ரஜன் ஏத்தி, சோப்பு நுரையை பிரஷ்ஷால தடவு. வெறும் காத்து கம்ப்ரசரால ஏத்தாதே, காத்தோட ஈரமும் உள்ள போகும். ஒன்பது நாள்ல காலின்னா அது ரப்பர் குழாய் வழியா மெதுவாக் கசியற கசிவு இல்ல, நிச்சயமா ஓட்டை. ரெண்டாவது தடவை நாலே நாள்னா ஓட்டை பெரிசாகிக்கினு வருது. இதைப் பார்க்காம ரெண்டு தடவை கேஸ் அடிச்சவன் மெக்கானிக் இல்ல, தண்ணி லாரிக்காரன்.

ஆர்-12 தேடாதே. 2008 ஆகஸ்ட்டோட நம்ம நாட்டுல அதோட உற்பத்தி நின்னுபோச்சு. யாராவது "என்கிட்ட ஸ்டாக் கீது"ன்னா, அந்த சிலிண்டருக்குள்ள இன்னா கீதுன்னு அவனுக்கே தெரியாது. 134ஏ போதும், ஆனா அடாப்டர் மட்டும் போட்டா அது மாத்தினதா ஆவாது. பழைய மினரல் ஆயில் ஆர்-12ல கரைஞ்சு கூடவே சுத்தி வரும். 134ஏல கரையாது. கண்டென்சர்லயும் கூலிங் காயில்லயும் போய்த் தேங்கி நின்னுடும். கம்ப்ரசர் ஆயில் இல்லாம வறண்டு ஓடும். இப்ப உன் 508 நல்லாத்தான் இருக்கும், ஆனா இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை அடிச்சா அந்தக் கடைக்காரன் வாக்கு பலிச்சுடும்.

கம்ப்ரசர் போச்சான்னு கேஸ் இல்லாதப்ப பிரஷர் கேஜை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. கையால பாரு. குழாய் ரெண்டையும் கழட்டு, முன்னாடி கிளட்ச் தட்டை விரலால சுத்து. வழுக்கிக்கினு போகணும், நரநரன்னா தப்பு. ஒரு ஓட்டையில கட்டைவிரல் வச்சா இழுக்கணும், இன்னொண்ணுல தள்ளணும். அப்புறம் ஆயிலை வெள்ளைத் துணியில ஊத்து. டீத்தூள் தண்ணி கலர்னா பரவாயில்ல. கருப்பா, ஜிகினா மாதிரி மின்னுச்சுன்னா மட்டும் கம்ப்ரசரைப் பத்திப் பேசலாம்.

அடுத்தது ட்ரையர். அதுக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற குட்டிக் குட்டி மணி இருக்கும். ஐப்பசி மழையில உப்பு ஜாடியை எட்டு மாசம் திறந்து வச்சா எப்படி இருக்கும்? அதான் இப்ப உன் ட்ரையர். உள்ள ஈரம் இருந்தா எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குள்ள கேஸை அளந்து விடுற சின்ன ஓட்டை) வாய்ல ஐஸ் கட்டும். கொஞ்ச நேரம் ஜில்லுன்னு வரும், நின்னுடும், ஆஃப் பண்ணி வச்சா திரும்ப வரும். நாள் போகப் போக அந்த ஈரம் கேஸோடயும் ஆயிலோடயும் சேர்ந்து ஆசிட் ஆகி உள்ளயே அரிக்கும். புது ட்ரையர் வாங்கு, 134ஏக்கு ஆகும்னு கேட்டு வாங்கு. எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு கடைசியா அதோட மூடியைத் திற. திறந்த கையோட மாட்டி வாக்யூம் போட்டுடணும், அதாவது உள்ள இருக்கிற காத்தையெல்லாம் பம்பால இழுத்துடணும்.

கண்டென்சர், கூலிங் காயில், குழாய் எல்லாத்தையும் ஃப்ளஷ் பண்ணு. கம்ப்ரசர், வால்வு வழியா மட்டும் ஃப்ளஷ் விடாதே. பெட்ரோல் ஊத்திக் கழுவுறவன் இருந்தா அந்தப் பக்கமே போகாதே. ஜாயின்ட்ல இருக்கிற ரப்பர் வளையம், ஓரிங், எல்லாம் பச்சைக் கலர் ஓரிங்கா மாத்து. பழைய தொங்கு யூனிட்ல நிறைய ஃப்ளேர் ஜாயின்ட்டாத்தான் (பைப்பு வாயை விரிச்சு நட்டுல இறுக்குறது) இருக்கும், அதுக்கு ஓரிங் கிடையாது, வாய்ல துளி ஆயில் தடவி ரெண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கு. ஒரே ஸ்பேனர்ல இறுக்கினா பைப்பு முறுக்கிக்கும். ஆயில் எஸ்டர் ஆயில் போடு. அங்கங்க மிச்சம் நிக்கிற பழைய ஆயிலைப் பொறுத்துக்கும். 508க்கு 180 மில்லி கணக்கு.

வாக்யூம் 45 நிமிஷம். கேஜ்ல 29 அங்குலம் பக்கம் நிக்கணும். வால்வை மூடிட்டு டீ குடிச்சிட்டு வா. அரை மணி நேரம் கழிச்சும் முள்ளு அசையக் கூடாது. அசைஞ்சா கேஸ் பாட்டிலைத் தொடாதே.

கேஸ் எடை போட்டுத்தான் ஏத்தணும். ஆர்-12 800 கிராம்னா 134ஏ அதுல 80லிருந்து 85 சதவீதம், அதாவது 640லிருந்து 680. வாக்யூம்ல இருக்கிறப்ப இன்ஜின் ஆஃப்ல முதல் பங்கு ஏத்து. மீதி இன்ஜினை 1500 ஆர்பிஎம்ல ஓட விட்டு லோ சைடுல (கம்ப்ரசர் கேஸை இழுக்கிற பக்கம்) மட்டும், பாட்டில் நிமிர்ந்து நிக்கணும். ஓடுறப்ப ஹை சைடு (கம்ப்ரசர் தள்ளுற பக்கம்) வால்வைத் திறந்தா பிரஷர் திரும்பி பாட்டிலுக்குள்ள போய் வெடிக்கும். இதுல மட்டும் விளையாட்டு வேணாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கோ. ட்ரையர் தலையில இருக்கிற கண்ணாடி வழியா முட்டை (குமிழி) தெரியுது, இன்னும் போடுன்னு எவனாவது சொல்லுவான். அது ஆர்-12 காலத்துப் பேச்சு. 134ஏல முட்டை சுத்தமா மறையற வரைக்கும் அடிச்சா ஓவர் சார்ஜ்தான்.

வெயிலூரான்:

அண்ணா இவ்ளோ எதுக்கு? எங்க ஊர்ல ஹைட்ரோகார்பன் கேஸ்னு ஒண்ணு அடிக்கிறாங்க. பழைய ஆயில் மாத்தவே வேணாம், கூலிங் பிச்சிக்கும், விலையும் பாதி.

குடியாத்தம் ஏசி:

கூலிங் வரும், பொய் இல்ல. ஆயிலோடயும் ஒத்துப்போகும். ஆனா அது நம்ம அடுப்பு சிலிண்டர் ஜாதி, தீப்பிடிக்கிற கேஸ். அதுக்குன்னே செஞ்ச புது ஃபிரிட்ஜ்ல ஐம்பது அறுபது கிராம் இருக்கும், அது வேற கதை. இங்க கூலிங் காயில் டிரைவர் முழங்காலுக்குப் பக்கத்துல தொங்குது. அது கசிஞ்சு கேபின்ல நிறைஞ்சிருக்கிறப்ப ப்ளோயர் சுவிட்ச்ல ஒரு பொறி போதும். பீடி பத்த வைக்கிறவர் பக்கத்துல உக்காந்தா சொல்லவே வேணாம். நான் அடிக்க மாட்டேன்.

பாலாறு_206:

அண்ணா, ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். நீங்க சொன்னதுதான் நடந்துச்சு.

நைட்ரஜன் ஏத்தி நுரை தடவினேன். கண்டென்சர் அடி வளைவுல, சரியா அந்தப் பிசுபிசு இடத்துல, நுரை கொப்புளம் கொப்புளமா எழும்புச்சு. ஷெட்டுல திரும்ப மாட்டினப்ப பிராக்கெட்டுக்கு நடுவுல இருந்த ரப்பர் புஷ்ஷைப் போடாம விட்டிருக்காங்க. இன்ஜின் உதறலுக்குப் பைப்பு தகட்டுல உரசி உரசி ஊசி முனை அளவுக்கு ஓட்டை. யூனிட் பின்னாடி ஒரு ஃப்ளேர் நட்டும் லூஸ். கம்ப்ரசரைக் கையால சுத்திப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுத்துது. ஆயில் டீத்தூள் கலர்தான்.

பழைய கண்டென்சரை ஒட்ட வைக்காம புதுசாவே பேரலல் ஃப்ளோ டைப் (கேஸ் நிறைய சின்னக் குழாய்ல பிரிஞ்சு ஓடுறது) ஒண்ணு போட்டுட்டேன். ட்ரையர், எஸ்டர் ஆயில், பிரஷர் சுவிட்ச், எல்லாம் சேர்த்து அந்த 14,000க்குள்ள முடிஞ்சுது, கம்ப்ரசர் அதேதான். எடை மிஷினை ஆற்காடு பக்கம் ஒருத்தர்கிட்ட ஒரு நாளைக்கு வாங்கினேன். 650 கிராம்ல நிறுத்தினேன். வெளிய 38 டிகிரி, லோ 35 பிஎஸ்ஐ, ஹை 240. காத்து வர்ற நடு ஓட்டையில தெர்மாமீட்டர் வச்சா 10 டிகிரி.

நைனாவை உக்கார வச்சு வாலாஜா வரைக்கும் போய்ட்டு வந்தேன். போறப்ப ஒண்ணும் பேசலை. வர்றப்ப வெத்தலைப் பொட்டலத்தை எடுத்து மேல வச்சார், காத்து அடிச்சுக் கீழ விழுந்துடுச்சு. "இது எங்கடா வைக்கிறது இனிமே"ன்னார்.

ஒரு சந்தேகம். ஓடுறப்ப சூப்பரா இருக்கு. காட்பாடி ரயில்வே மேம்பாலத்துல டிராஃபிக்ல பத்து நிமிஷம் நின்னா கூலிங் இறங்குது, வண்டி நகர்ந்ததும் சரியாகுது. வீட்ல ஐடிலிங்ல விட்டுப் பார்த்தேன், ஹை 300 தாண்டுது. கேஸ் ஜாஸ்தியா?

குடியாத்தம் ஏசி:

650 சரிதான், கேஸைக் குறைக்காதே. ஓடுறப்ப 240 காட்டுதுல்ல. நிக்கிறப்ப கண்டென்சருக்குக் காத்து பத்தலை, இன்ஜின் ஃபேன் ஐடிலிங்ல அவ்வளவு இழுக்காது. கண்டென்சருக்கு முன்னாடி 12 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன் ஒண்ணு போடு. முன்னாடி மாட்டினா காத்தைப் பின்னாடி தள்ளுற ஃபேனா இருக்கணும். இழுக்கிற ஃபேனை மாட்டினா காத்து வண்டிக்கு எதிரா அடிக்கும், இப்ப இருக்கிறதை விட மோசமாகும். ஒயர் கொடுத்ததும் கண்டென்சருக்கும் ஃபேனுக்கும் நடுவுல ஒரு காகிதத் துண்டு விடு, அது கண்டென்சர்ல போய் ஒட்டிக்கணும். கம்ப்ரசர் மேக்னட் கிளட்ச் ஒயர்லிருந்து சிக்னல் எடுத்து ரிலே வழியா கொடு, 20 ஆம்பியர் ஃபியூஸ் போடு. ஏசி சுவிட்ச்லயே நேரா கொடுத்தா சுவிட்ச் உருகிடும். ஆல்டர்னேட்டர் பழசுதானே? ஹெட்லைட், ப்ளோயர், ஃபேன் மூணும் ஓட விட்டு பேட்டரியில வோல்ட் பாரு. 13.5க்குக் கீழ இறங்கினா இங்க வந்து சொல்லு.