குய்குசி ஜாடி: கதை பெரிதா, மலை பெரிதா?

கல்மரம்: 2005 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்குப் போன, சீனாவின் யுவான் மரபுக் காலத்து (14ஆம் நூற்றாண்டு) நீல ஓவியப் பீங்கான் ஜாடி. உயரம் 27.5 செ.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். அதில் வரைந்திருக்கும் காட்சி: எதிரியிடம் சிக்கிய சீடன் சுன் பின்னை மீட்க, புலியும் சிறுத்தையும் இழுக்கும் வண்டியில் பழங்காலப் போர்த்தந்திர ஆசான் குய்குசி மலையிறங்கி வருகிறார். என்னைக் கேட்டால் இதில் கதைதான் எல்லாம். பாறை, பைன், மூங்கில் எல்லாம் இடத்தை அடைக்கப் போட்டவை.

நீலமை: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜாடிக்கு ஓரம் கிடையாது. படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதைச் சொல்வது பாறைதான். முன்னால் ஈட்டி வீரர்கள், நடுவில் வண்டி, பின்னால் குதிரையில் தூதர். அவர்களுக்கு நடுவே உள்ள பாறையையும் மரத்தையும் எடுத்துவிடுங்கள், எல்லோரும் ஒரே வட்டத்தில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மலையே இல்லாமல் எங்கிருந்து இறங்குவார்?

கல்மரம்: சரி, பாறை தேவைதான். ஆனால் அது ஓவியரின் யோசனை இல்லையே. 1320களில் சீனாவின் ஜியான்யாங் ஊரில் அச்சான கதைப் புத்தகத்தில் கிட்டத்தட்ட இதே காட்சி இருக்கிறது. பார்த்துப் போட்டதை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

நீலமை: பார்த்தே போட்டிருக்கட்டும். தாள் தட்டை, ஜாடி உப்பியது. சுடாத களிமண்ணில் தூரிகை பட்டதும் மை உறிஞ்சும் தாள் போல இழுத்துக்கொள்ளும், அழித்துத் திருத்த வழியில்லை. நீலம் தரும் கோபால்ட் சாயம் வரையும்போது மங்கிய கறுப்பாகத்தான் தெரியும். மேலே மெருகு பூசி, 1,300 டிகிரி வாக்கில் சுட்டபிறகே நீலம். கோபால்ட் தடித்த இடங்களில் நிறம் கறுத்துத் திட்டுத் திட்டாக நிற்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கோபால்ட்டில் இருந்த இரும்பு செய்த வேலை அது. வரைந்து முடித்தபோது அவர் கண்ணில் நீலம் பட்டதே இல்லை. இதை நகல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழையகலம்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 1620இல் மிங் மரபின் வான்லி பேரரசர் இறந்தபிறகு, சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னுக்கு அரண்மனை ஆர்டர் வற்றியது. 1683 வாக்கில்தான் அரசுச் சூளைகள் மறுபடி ஒழுங்காயின. இடைக்காலத்தில் குயவர்கள் படித்தவர்களுக்கும் வணிகர்களுக்கும் விற்றார்கள். அந்த ஜாடிகளில் பலவற்றில் சுருண்ட மேகமும் மலையும் பெரிதாகி, ஆள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆகிவிட்டார்.

கல்மரம்: குயவர் வேலையைக் குறைத்துப் பேசியது தவறு, நீலமை. அதை ஏற்கிறேன். ஆனால் பழையகலம் சொல்லும் ஜாடிகளிலும் என் கண் முதலில் போய் நிற்பது, அவ்வளவு மலைக்கு நடுவே பாலத்தில் நடந்துபோகும் அந்த நகம் அளவு மனிதரிடம்தான்.