ஸ்டீம் - ஹைவ் பிரிவு: சிறு எழுத்துக் குழுக்கள் எங்கே உடைகின்றன? (புனைபெயரில் எழுதும் நால்வரின் அனுபவப் பகிர்வு)

ஏட்டுச்சுவடி:
ஸ்டீம் என்பது பதிவு எழுதி, மற்றவர்கள் போடும் ஓட்டால் நாணய வருமானம் பெறும் ஒரு பிளாக்செயின் (சங்கிலி) தளம். 2020 மார்ச் 20 அன்று ஸ்டீமிலிருந்து ஹைவ் பிரிந்தது. அதுவரை எழுதிய பதிவு, பின்னூட்டம், டெலிகேஷன் (தன் பூட்டிய இருப்பின் பலத்தை இன்னொருவருக்கு இரவல் தருவது), குழு எண் எல்லாம் இரண்டு சங்கிலியிலும் இருந்தன. பெரும்பாலான கணக்குகளின் இருப்பும் அப்படியே இரட்டித்தது. ஆட்கள் மட்டும் இரட்டிக்கவில்லை.

முப்பது பேர் எழுதும் குழுவில் ஓட்டு பலம் பெரும்பாலும் மூன்று நான்கு கணக்குகளிடம்தான் இருக்கும். அதில் இரண்டு பேர் நகர்ந்தால் வருமானம் பாதியாகும் என்று கணக்குப் போடுவார்கள். அன்றைய விதிப்படி பாதிக்கும் கீழே போகும். 2019 ஆகஸ்டில் வந்த 21-வது ஹார்டு ஃபோர்க் (சங்கிலியின் விதிகளையே மாற்றும் புதுப்பிப்பு), ஓட்டு குறைவாக விழும் பதிவுக்கு விகிதத்தைவிடக் குறைவாகவே கொடுக்கும்படி வெகுமதிக் கணக்கை மாற்றியிருந்தது. 0.02 டாலர் மதிப்பைக்கூடத் தொடாத பதிவுக்கு எதுவுமே கிடைக்காது. பின்னூட்டங்கள்தான் முதலில் இதில் மாட்டும். பின்னூட்டம் நின்றால் குழு நின்றது என்று அர்த்தம்.

கரிசல் மை:
ஓட்டைவிட முன்னால் அடிவாங்குவது புது ஆட்கள். பதிவு போட ரிசோர்ஸ் கிரெடிட் வேண்டும். அது பூட்டி வைத்த இருப்பின் அளவைப் பொறுத்தது. புதியவர் மூத்த உறுப்பினர் தந்த டெலிகேஷனில்தான் எழுதிக்கொண்டிருப்பார். மூத்தவர் மறுபக்கம் போக முடிவெடுத்தால் முதலில் அதைத் திரும்ப எடுப்பார். புதியவருக்கு அந்த நொடியிலேயே போய்விடும். கொடுத்தவர் கைக்கு வர 5 நாள் ஆகும். அதற்குப் பிறகு பவர் டவுன் (பூட்டிய இருப்பை விடுவிப்பது), அன்றைய விதிப்படி 13 வாரத் தவணை. ஆக, அவர் முழுசாக வெளியேற மூன்று மாதம். புதியவர் வாயடைக்க ஒரே நொடி. டெலிகேஷனை எடுக்குமுன் ஒரு வாரம் அவகாசம் சொல்லுங்க, அதற்குள் வேறு யாராவது சிறு அளவாவது கொடுத்துவிடட்டும்.

பூட்டும் சாவியும்:
சாவி (கடவுச்சொல்லிலிருந்து உருவாகி, கணக்கைத் திறக்கும் எழுத்துச் சரம்) விஷயத்தில் நடக்கும் தப்பு இதுதான்: ஒரு பக்கம் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இரண்டு பக்கமும் மாறிவிட்டது என்று நம்புவது. பிரிந்த நொடியில் ஓனர், ஆக்டிவ், போஸ்டிங், மெமோ என்ற நான்கு சாவிகளும் இரு பக்கமும் ஒன்றே. அதன்பின் ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதற்குப் போகாது. பொதுச் சாவியின் முன்னெழுத்துகளும் ஒன்றாகவே இருப்பதால் பார்த்து அடையாளம் காண முடியாது. தாளில் எழுதும்போதே சங்கிலியின் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்க.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் இரு பக்கமும் வெவ்வேறு கடவுச்சொல். அடுத்து, போஸ்டிங் அனுமதி கொடுத்த செயலிகளின் பட்டியல். அதுவும் நகலாகியிருக்கும், நீங்கள் எட்டிப் பார்க்காத பக்கத்தில் பழைய தானியங்கி ஓட்டுச் செயலி உங்கள் பெயரில் ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு ரிகவரி கணக்கு, அதாவது உங்கள் கணக்கு திருடுபோனால் மீட்க உதவும் கணக்கு. கணக்கைத் திறந்து தந்த நிறுவனத்தின் பெயரே அதில் இருந்தால், நம்பும் ஆளுக்கு மாற்றுங்க. மாற்றம் அமலுக்கு வர 30 நாள் ஆகும், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

விட்னஸ் (சங்கிலியை நடத்தத் தேர்வாகிறவர்) ஓட்டைத் தன் சார்பில் இன்னொருவர் போடும்படி ப்ராக்ஸியாகக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் அதையும் பாருங்க. ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கிய ஜஸ்டின் சன் தரப்பின் விட்னஸ்களுக்கு ஓட்டுப் போட்ட கணக்குகள் பலவற்றுக்கு ஹைவ் நாணயம் வரவில்லை. எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை: 2020 மே 20 அன்று ஸ்டீமில் 64 கணக்குகளிலிருந்து சுமார் 2.36 கோடி ஸ்டீம் நாணயம் பறிக்கப்பட்டது. யாருக்கு ஓட்டு என்பது பணத்தையே தொடும் விஷயம்.

ஏட்டுச்சுவடி:
'பூட்டும் சாவியும்' சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். குழுவே ஒரு கணக்குதான், அதன் ஓனர் சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் போய்விட்ட பக்கத்தில் புது அட்மினை நியமிக்க ஆள் இருக்காது. கோபத்தில் போனவர் அந்தச் சாவியால் அங்கே யாரையும் மியூட் செய்யவும் முடியும். பிரிவு வரும் என்று பேச்சு எழும்போதே இரண்டு அட்மின்களை வைத்துவிடுங்க. போகிறவர் தான் விடும் பக்கத்தின் சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

நிழற்பெட்டி:
படங்கள்! சங்கிலியில் இருப்பது எழுத்தும் இணைப்பும் மட்டுமே. படம் ஏதோ ஒரு சர்வரில் கிடக்கிறது. அதை நடத்துபவர் மூடினால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெற்றுச் சட்டம்தான். சமையல் குறிப்பு, பயணக்கட்டுரை எழுதும் குழுக்களுக்கு இது பேரிழப்பு. பழைய பதிவுகளின் மூல எழுத்தை எடுத்து, பட இணைப்புகளைத் தனியாகப் பிரித்து, படங்களை இறக்கி, பதிவின் பெயரிலேயே கோப்புறை போட்டு வையுங்க. வேறிடத்தில் ஏற்றியபின் பதிவைத் திருத்தலாம், ஆனால் அதை இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யணும். நூறு பதிவு இருந்தால் அதிகம் படிக்கப்படும் பத்திலிருந்து தொடங்குங்க.

கரிசல் மை:
ஒரே பதிவை இரு பக்கமும் போடலாமா என்று கேட்கிறார்கள். ஓட்டுச் சக்தி தனித்தனி என்பதால் அதில் நட்டமில்லை. ஆனால் சில குழுக்கள் அதை நகல் என்று எண்ணி எதிர் ஓட்டுப் போடும். விதியைக் கேட்டுவிட்டுப் போடுங்க. பின்னூட்டத்துக்குப் பதில் சொல்ல நேரமில்லாத பக்கத்தில் போடாமல் இருப்பதே அங்கிருப்பவர்களுக்கு மரியாதை.