பேக் டவுன், பேக் ஆஃப், பேக் அவுட்... எல்லாமே 'பின்வாங்கு'தானா?

உட்லண்ட்ஸ்அம்மா:
மகன் உயர்நிலை 2. நேத்து ராத்திரி இங்கிலீஷ் ஹோம்வொர்க்கத் தூக்கிட்டு வந்தான். பேக் டவுன், பேக் ஆஃப், பேக் அவுட், புல் அவுட், நாலு கோடிட்ட இடம். எனக்கு நாலுமே பின்வாங்குதான். அப்படியே சொன்னா, "அப்புறம் எதுக்கும்மா நாலு வார்த்தை"ங்கிறான். எனக்கே இதுல சூடு பட்டிருக்கு, போன மாசம் கஸ்டமர் ஒருத்தர்கிட்ட மீட்டிங்கை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைக்கச் சொல்ல நினைச்சு 'பிளீஸ் பேக் ஆஃப் டில் ஃப்ரைடே'ன்னு ஈமெயில் அடிச்சிட்டேன், அந்த ஆளு நேரா எங்க பாஸுக்கு போன் போட்டுட்டாரு. யாராச்சும் விளக்குங்களேன்.

கோப்பிஓகொசொங்:
அக்கா, சிரிச்சதுல கோப்பி கொட்டிருச்சு 😂 வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னை நோண்டாம தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்கீங்க. ஆளை நெருக்குறத விட்டுட்டு ஒதுங்குறதுதான் பேக் ஆஃப். நான் முறைச்சேன் நீ முறைச்சேன்னு நின்னுட்டு கடைசில வீம்பை விட்டா பேக் டவுன். ஒத்துக்கிட்ட காரியத்துலருந்து கழண்டுக்கிட்டா பேக் அவுட், ஜகா வாங்குறோம்ல, அதேதான். நான் வீவக (அரசு அடுக்குமாடி) மறுவிற்பனை வீடு ஒண்ணுக்கு ஆப்ஷன், அதாவது வீட்டை எனக்குன்னு பிடிச்சு வைக்கிற உரிமை, வாங்க 1,000 வெள்ளி கட்டினேன், முடிவெடுக்க 21 நாள், 18வது நாள் சாயங்காலம் திரும்பப் போய் பாத்தா எம்ஆர்டி ரயில் போற சத்தத்துல ஜன்னல் கண்ணாடி அதிருது, வேணாம்னுட்டேன். 'யூ பேக்கிங் அவுட் ஆ?'ன்னு ஏஜென்ட் மெசேஜ். காசு போச்சு, வார்த்தை மட்டும் மறக்கல.

பழையகார்ப்பரல்:
புல் அவுட்டை விட்டுட்டீங்களே தம்பி. உள்ள இறக்கின ஆளையோ பணத்தையோ வெளிய எடுக்குறது. 1971 முடியறதுக்குள்ள சிங்கப்பூர்லருந்து படையை எடுத்துருவோம்னு 1968 ஜனவரில பிரிட்டிஷ்காரன் அறிவிச்சானே, அது புல் அவுட். 1942ல அதே பிரிட்டிஷ்காரன் மலாயா பூரா ஜப்பான்காரன்கிட்ட அடி வாங்கிக்கிட்டே தெக்க நகர்ந்து, ஜனவரி 31ல கடல்பாலத்த வெடிவச்சு உடைச்சிட்டு தீவுக்குள்ள வந்தது ஃபால் பேக், அதாவது சண்டையை விடல, அடுத்த இடத்துல நின்னு அடிக்கலாம்னு கணக்கு. கணக்கு பலிக்கல, பிப்ரவரி 15ல சரண்டர், அது வேற கதை. அப்புறம் ஸ்டாண்ட் டவுன். தேசிய சேவையில விடிய விடிய உஷாரா நின்னவனுக்கு சார்ஜன்ட் வாயிலருந்து அது வந்தாதான் உசுரே வரும். அதுல தோத்தது ஜெயிச்சது எதுவும் கிடையாது, உத்தரவு அவ்வளவுதான்.

டியூஷன்வாத்தி:
கிளைம்ப் டவுனையும் சேத்துக்குங்க. ஊரறிய அடிச்சுப் பேசிட்டு அப்புறம் நான் சொன்னது சரியில்லன்னு மாத்திக்கிறது. தமிழ்லயும் 'இறங்கி வந்துட்டாரு'ன்னுதானே சொல்றோம், கிட்டத்தட்ட அதே படம். பையன்கிட்ட பின்வாங்குன்னு சொல்லாதீங்க, அது பொது வார்த்தை. எதுலருந்து பின்வாங்குறான்னு கேளுங்க, வம்பா, வாக்கா, ஆளா. பாதி விடை அதுலயே வந்துரும்.

உட்லண்ட்ஸ்அம்மா:
ரொம்ப நன்றி, மூணு போட்டுட்டான். ஒண்ணு மட்டும் இழுக்குது. டீச்சர் வர்றதப் பாத்ததும் முரடன் டேஷ். ஆஃபா டவுனா?

டியூஷன்வாத்தி:
சின்னப் பையனை சுவத்தோட நெருக்கிட்டு இருந்தவன் தள்ளிப் போயிருந்தா ஆஃப். அடிச்சுக் காட்டறேன் பாருன்னு சவால் விட்டவன் அடங்கியிருந்தா டவுன். முன்னாடி வரியில என்ன இருக்குன்னு பாத்து சொல்லுங்க.

உட்லண்ட்ஸ்அம்மா:
முன்னாடி வரில பையனோட பையைப் புடிச்சு இழுத்துட்டு இருக்கான். அப்ப ஆஃப். "பாஸ் கூப்பிட்டப்ப நீங்க என்ன பண்ணீங்க, டவுனா"ன்னு கேக்குறான் பாவி 😅